விடுமுறையில் வாடும் வளாகத் தோட்டம்

பிப்ரவரி கடைசியில் கோதையாறு பாசனக் கால்வாய்களில் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். மீண்டும் திறப்பது ஜூனில்தான். குளம் வற்ற வற்ற, பக்கத்துக் கிணறுகளிலும் மட்டம் இறங்கும். நாஞ்சில் நாட்டுப் பள்ளி, கல்லூரி வளாகங்களில் மரக்கன்றுகள் கருகுவது இந்த மூன்று மாதங்களில்தான். வெயிலை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கோடை விடுமுறை விட்டதும் தண்ணீர் ஊற்றப் பிள்ளைகள் இல்லை. சத்துணவுத் தட்டு கழுவிய தண்ணீரும் இல்லை. ஆகவே, மார்ச்சிலேயே ஏற்பாடுகளை முடித்துவிட வேண்டும்.

இருக்கிற தண்ணீர் எதற்கு என்று முதலில் தீர்மானியுங்கள். வேர் பிடித்த வேம்பு, புங்கன், பூவரசு கோடையைத் தாங்கிக்கொள்ளும். அருகம்புல் காய்ந்தாலும் மழைக்குத் தளிர்க்கும். வாசலில் புல்தரைக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு, பின்புறத்தில் கன்றுகளைக் காயவிடுவது வீண் ஆடம்பரம். இரண்டு வயதுக்கு உட்பட்ட கன்றுகளுக்கே முன்னுரிமை. 100 கன்றுகளுக்கு, வாரம் இருமுறை 10 லிட்டர் வீதம் 2,000 லிட்டர் போதும். பெற்றோர் ஆசிரியர் கழகம் ஒருவருக்குக் கூலி கொடுத்தால் முடிகிற வேலை.

மண்பானையின் அடியில் சிறு துளையிட்டு, பருத்தித் துணியைத் திரியாகச் செருகி, கன்றிலிருந்து ஓரடி தள்ளிக் கழுத்தளவு புதையுங்கள். ஊற்றிய தண்ணீர் ஆவியாகாமல் வேருக்குப் போகும். மூடி அவசியம், இல்லையென்றால் கொசு முட்டையிடும்.

கும்பப்பூ அறுவடை முடிந்திருப்பதால் மூடாக்குக்கு வைக்கோல் கிடைக்கும். ஆனால், தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விடும். மேலே தென்னோலையைப் பரப்பிக் கல்லை வையுங்கள். கதம்பை கிடைத்தால் இன்னும் விசேஷம். குழிந்த பக்கம் மேலே இருக்கும்படி கன்றைச் சுற்றிப் புதைத்தால், ஐந்தாறு வருஷம் ஈரத்தைப் பிடித்துவைக்கும். எந்த மூடாக்கும் தண்டில் ஒட்டக்கூடாது, கரையான் ஏறும்.

விடுதியுள்ள வளாகங்களுக்குச் சமையலறைக் கழிவும் உதவும். கன்னியாகுமரி விவேகானந்தபுரத்தில் இயங்கும் ‘நார்டெப்’ பரப்பிவரும் ‘சக்தி சுரபி’ கலனில் அந்தக் கழிவு எரிவாயுவாகிறது. மிஞ்சும் கரைசல் நல்ல உரம். அதைத் தண்ணீரில் கலந்துதான் ஊற்ற வேண்டும்.

நடும் மாதத்தையும் மாற்றிக்கொள்ளலாம். குடியரசு தினத்தன்று நட்ட கன்று, ஒரு மழைகூடக் காணாமல் கோடைக்குள் நுழைகிறது. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. பள்ளி திறக்கும் ஜூனில் நட்டால், தென்மேற்கு, வடகிழக்கு இரண்டையும் குடித்து வேர் இறங்கிவிடும். மூன்றாவது கோடை வரும்போது பானையைத் தோண்டியெடுத்து அடுத்த கன்றுக்கு வைக்கலாம்.