மூச்சு ஏன் முட்டுகிறது? பதில் தேடிய டாக்டர் பெயின்டல்

"வாப்பாவுக்கு ரெண்டு மூணு வாரமா மூச்சு வாங்குது. ராத்திரி படுக்கவே முடியலை, உட்கார்ந்தேதான் தூங்குறாங்க. வயசாயிட்டுல்லா, இளைப்புதான்."

காயல்பட்டினம், ஆறுமுகநேரி, திருச்செந்தூர் பக்கம் எந்த வீட்டிலும் கேட்கக்கூடிய பேச்சு இது. தலைக்கு இன்னொரு தலையணை வைக்கிறோம். தொழுகைக்கு நாற்காலி வாங்கிப் போடுகிறோம். உட்கார்ந்து தொழ மார்க்கம் சலுகை தந்திருக்கிறது, அதில் பிரச்சினை இல்லை. ஆனால் நேற்று வரை நின்று தொழுதவர் இன்று ஏன் நாற்காலி கேட்கிறார், சஜ்தாவுக்குக் குனிந்ததும் ஏன் அவருக்கு மூச்சு முட்டுகிறது என்று நாம் விசாரிப்பதில்லை. இந்தக் கேள்வியின் ஒரு முக்கியமான பகுதிக்கு விடை தேடித் தந்தவர் ஓர் இந்திய விஞ்ஞானி. மருத்துவக் கல்லூரி மாணவர்களைத் தவிர நம்மில் பெரும்பாலோர் அவர் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. அவர்தான் அவ்தார் சிங் பெயின்டல்.

அவருக்கு முன்னால் நம் கடலைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிடுவோம். மூச்சைப் பற்றி அனுபவத்தில் அதிகம் அறிந்தவர்கள் இந்தக் கரையில் வாழ்ந்திருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வந்து எழுதி வைத்துப் போன முத்துக்குளிப்பு, தூத்துக்குடிக் கடலில் 1961 வரை நடந்தது. பரதவர்களும் முஸ்லிம்களும் கடலடியில் முத்துச்சிப்பி படிந்திருக்கும் 'பார்'களில் இறங்கினார்கள். காலில் கல், இடுப்பில் கயிறு, கையில் வலைப்பை. படகில் இருப்பவர் கயிற்றைப் பிடித்திருக்க, ஏறத்தாழ ஒரு நிமிடம் கீழே இருந்து சிப்பி அள்ளி வருவார்கள். 10 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் நுரையீரலிலுள்ள காற்றைப் பாதியாகச் சுருக்கிவிடும். 20 மீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். அந்த நெருக்கத்தில் ரத்தம் கை கால்களிலிருந்து நெஞ்சுக்குள் தள்ளப்படும். அளவு மீறி ஆழம் போனவர்கள் மூக்கிலும் வாயிலும் ரத்தத்தோடு மேலே வந்ததும் உண்டு.

மூச்சை அடக்கியவரை "போதும், மேலே போ" என்று விரட்டுவது எது? ஆக்சிஜன் குறைவு என்றுதான் பலர் நினைக்கிறோம். உண்மையில் பெரும்பாலும் அது ரத்தத்தில் சேரும் கரியமில வாயு. கடற்கரையில் மூச்சடக்கும் போட்டி வைக்கும் நம் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இறங்கும் முன் வேகவேகமாக மூச்சு இழுத்து விட்டால் கரியமில வாயு குறைந்துபோகும், எச்சரிக்கை வராது. ஆக்சிஜன் தீர்ந்து, தண்ணீருக்குள்ளேயே நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படித்தான் இறந்து போகிறார்கள்.

ஆனால் படுக்கையில் கிடக்கும் வாப்பா மூச்சை அடக்கவில்லையே? அவருக்கு ஏன் முட்டுகிறது? இங்கேதான் பெயின்டல் வருகிறார்.

1925 செப்டம்பரில் பர்மாவின் மோகோக் நகரில் பிறந்தவர் அவர். மோகோக் என்றால் கல் வியாபாரம் செய்த குடும்பங்களுக்கு விளக்கம் தேவையில்லை, மாணிக்கக் கல்லுக்குப் பேர்போன ஊர். தந்தை மருத்துவர். பிள்ளையைப் படிப்புக்காக இந்தியாவுக்கு அனுப்பினார்கள். லாகூரில் கல்லூரி, பிறகு லக்னோவின் கிங் ஜார்ஜ் மருத்துவக் கல்லூரி. டாக்டர் பட்டம் வாங்கியவர் கிளினிக் போட்டு உட்காராமல், உடல் எப்படி இயங்குகிறது என்று ஆராயும் உடலியங்கியல் துறைக்குப் போனார். இன்றும் நம் வீட்டுப் பிள்ளை எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு "நான் ஆராய்ச்சிக்குப் போகிறேன்" என்றால் உம்மா முகம் வாடிவிடும். அன்று எப்படி இருந்திருக்கும் என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

1950களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில், டேவிட் விட்டரிட்ஜ் என்ற பேராசிரியரிடம் பி.எச்டி. செய்தார். மூளையிலிருந்து கழுத்து வழியாக இறங்கி இதயம், நுரையீரல், வயிறு என்று கிளை பிரியும் வேகஸ் நரம்புதான் அவர் களம். அது ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகள் சேர்ந்த ஒரு கயிறு. அந்தக் கயிற்றிலிருந்து ஒற்றை இழையைப் பிரித்து, அதில் ஓடும் மின்துடிப்பைப் பதிவு செய்து, அது உடலின் எந்த மூலையிலிருந்து என்ன சேதி கொண்டு போகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. மயக்கம் கொடுத்த பூனைகளில், நுண்ணோக்கியின் கீழே, மணிக்கணக்காகச் செய்ய வேண்டும். கை நடுங்கினால் இழை அறுந்துவிடும்.

பலன் அடுத்தடுத்து வந்தது. இதயத்தின் மேலறைகள் சுருங்குவதையும் நிரம்புவதையும் தனித்தனியாகச் சொல்லும் இருவகை உணர்விகளை 1953இல் வெளியிட்டார். 1954இல் வயிறு விரிவதை உணர்ந்து பசியும் தாகமும் தணிந்ததென்று சேதி சொல்லும் நரம்புமுனைகளைப் பற்றி எழுதினார். நோன்பு திறக்கும்போது ஒரு குவளை தண்ணீர் ரத்தத்தில் கலக்கும் முன்பே தாகம் அடங்கிவிடுகிறதே, அதில் இந்த முனைகளுக்கும் பங்குண்டு. வயிற்றை முழுக்க நிரப்பாமல் ஒரு பங்கை மூச்சுக்கு விடச் சொன்ன நபிகளாரின் அறிவுரை நமக்கு இங்கே நினைவுக்கு வருகிறது. வயிறு முட்டினால் மூச்சும் முட்டும் என்பது இஃப்தாருக்குப் பிறகு இஷாவுக்கு நிற்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அவர் பெயரை நிலைநிறுத்தியது 1955இல் வெளிவந்த நுரையீரல் கண்டுபிடிப்பு. நுரையீரலில் இதுவரை யாரும் அறியாத ஒருவகை உணர்விகளை அவர் கண்டார். நுரையீரல் சுருங்கும்போது இவை துடித்தன. ஆகவே சுருக்கத்தை உணர்வதுதான் இவற்றின் வேலை என்று முடிவு செய்து அப்படியே பெயரும் வைத்தார். கட்டுரை வெளிவந்தது, உலகம் ஏற்றுக்கொண்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

அவர் நிறுத்தவில்லை. தொடர்ந்து சோதித்ததில், சுருக்கம் இவற்றின் இயல்பான தூண்டுதல் இல்லை என்று அவருக்கே தெளிவாயிற்று. நுரையீரலின் நுண்ணிய ரத்தக்குழல்களில் அழுத்தம் ஏறி, அவற்றிலிருந்து நீர் கசிந்து சுற்றியுள்ள திசுவில் சேரத் தொடங்கும்போதுதான் இவை உண்மையாகக் குரல் கொடுக்கின்றன. 14 ஆண்டுகள் கழித்து, 1969இல், தன் பழைய முடிவைத் தானே திருத்தி எழுதினார். பெயரையும் மாற்றினார். 'பக்கத்தில்' என்று பொருள்படும் 'ஜக்ஸ்டா' என்ற இலத்தீன் சொல்லின் முதல் எழுத்தைக் கொண்டு 'ஜே உணர்விகள்' என்றார். நுண்குழல்களின் பக்கத்திலேயே குடியிருப்பவை என்று அர்த்தம். கண்டுபிடித்ததைவிட இந்தத் திருத்தம்தான் பெரிது என்று நாம் கருதுகிறோம். விஞ்ஞானத்தில் நேர்மை வேண்டும் என்பதற்காக 1986இல் டெல்லியில் ஒரு சங்கத்தையே உருவாக்கியவர்களில் அவர் முதன்மையானவர். அதற்கான தகுதி அவருக்கு இருந்தது.

இந்த இடத்தில் நம்மவர் ஒருவரையும் சொல்லாமல் போக முடியாது. டமாஸ்கஸில் பிறந்து 1288இல் கெய்ரோவில் மறைந்த மருத்துவர் இப்னு நஃபீஸ். இதயத்தின் வலப்பக்க ரத்தம் நடுச்சுவரின் துளைகள் வழியாக இடப்பக்கம் போகிறது என்று கேலன் காலத்திலிருந்து நம்பிவந்ததை அவர் மறுத்தார். சுவரில் துளையே இல்லை, ரத்தம் நுரையீரலுக்குப் போய்க் காற்றோடு கலந்துதான் இடப்பக்கம் திரும்புகிறது என்று 1242இல் எழுதினார். அந்த ஏடு 1924இல் பெர்லின் நூலகத்தில் ஓர் எகிப்திய மருத்துவரின் கண்ணில் படும்வரை உலகம் அதை மறந்திருந்தது. அவர் சொன்ன அந்த நுரையீரல் பாதையின் ஓரத்தில்தான் ஜே உணர்விகள் இருக்கின்றன.

இப்போது வாப்பாவிடம் திரும்புவோம். இதயத்தின் இடப்பக்கம் பலவீனப்பட்டால் நுரையீரலிலிருந்து வரும் ரத்தத்தை அதால் முழுக்க வாங்கித் தள்ள முடியாது. ரத்தம் நுரையீரலில் தேங்கும், நீர் கசியும், ஜே உணர்விகள் வேகஸ் வழியாக மூளைக்குச் சேதி அனுப்பும். மூச்சு மேலோட்டமாக, வேகமாக ஓடத் தொடங்கும். படுத்தால் கால்களிலும் வயிற்றிலும் இருக்கும் ரத்தம் நெஞ்சுக்குத் திரும்பித் தேக்கம் கூடுகிறது, எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் குறைகிறது. குனியும்போதும் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறுகிறது. படுக்க முடியாததும் சஜ்தாவில் முட்டுவதும் இதனால்தான்.

இதே உணர்விகள் கால் தசைகளையும் தளரச் செய்கின்றன என்று பூனைகளில் பெயின்டல் காட்டினார். அளவு மீறி ஓடுபவரை, நுரையீரலில் நீர் சேரும் முன் நிறுத்துகிற கடிவாளம் இது என்பது அவர் கருத்து. மனிதரில் அது எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்பதில் அறிஞர்களிடையே இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. மூச்சுத் திணறலுக்கு ஜே உணர்விகள் மட்டுமே காரணமும் அல்ல.

பெயின்டல் எய்ம்ஸில் பேராசிரியராக இருந்து, 1964இல் டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்திலுள்ள வல்லபாய் படேல் மார்புநோய் நிறுவனத்தின் இயக்குநரானார். 1981இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார், அந்தத் தகுதியைப் பெற்ற முதல் இந்திய உடலியங்கியலாளர் அவரே. 1986இல் பத்ம விபூஷண். அதே ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் தலைமை இயக்குநர் பொறுப்பு. 2004 டிசம்பரில் மறைந்தார். வெளிநாட்டில் பட்டம் பெற்றவர், தன் ஆராய்ச்சி வாழ்வின் பெரும்பகுதியை இந்திய ஆய்வகங்களில்தான் கழித்தார்.

எல்லா மூச்சுத் திணறலும் இதயக் கோளாறு அல்ல. ஆஸ்துமா, ரத்தசோகை, உடல்பருமன், நுரையீரல் தொற்று என்று பல காரணங்கள் உண்டு. எது என்று வீட்டிலிருந்து முடிவு செய்ய முடியாது. படுத்தால் முட்டுகிறது, நடுராத்திரியில் திணறி எழுகிறார், கால் வீங்கியிருக்கிறது, சில நாளில் எடை கூடியிருக்கிறது என்றால், மருந்துக்கடையில் இளைப்பு மாத்திரை வாங்கிக் கொடுத்து நாள் கடத்தக் கூடாது. உட்கார்ந்தும் மூச்சு அடங்காமல், வியர்த்து, உதடு நீலம் பாய்ந்தால் அந்த நிமிடமே 108ஐ அழைக்க வேண்டும். மற்றபடி டாக்டரிடம் போகும்போது, உடன் போகிறவர் இரண்டு விஷயங்களைக் கவனித்து வைத்துக்கொண்டு போனால் நல்லது: வாப்பா எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார், போன மாதம் எத்தனை வைத்துப் படுத்தார். இதய மருத்துவர் பெரும்பாலும் முதலில் கேட்பது அதைத்தான்.