ஹீலியத்துக்கு மாற்று ஆர்கான்: தடையாக நிற்கும் பிளாஸ்மா இழைகள்

புது தில்லி: இன்றைய ஆந்திரத்தின் குண்டூரில் 1868 ஆகஸ்ட் 18ஆம் தேதி முழுச் சூரிய கிரகணத்தை ஆராய பிரெஞ்சு விஞ்ஞானி பியர் ஜான்சன் முகாமிட்டிருந்தார். அந்தக் கிரகணத்தின்போது சூரிய ஒளியில் தென்பட்ட மஞ்சள் கோடுதான் ஹீலியம் என்ற தனிமத்தின் முதல் தடயம். அந்தத் தடயம் கிடைத்த இந்தியா, இன்று தனக்கு வேண்டிய ஹீலியத்தை ஏறத்தாழ முழுவதும் இறக்குமதி செய்கிறது.

மேற்கு வங்கத்தின் பக்ரேஷ்வர் வெந்நீர் ஊற்றுகளில் வெளிவரும் வாயுவில் ஹீலியம் உண்டு. ஆனால், அது நாட்டின் தேவைக்குப் போதாது. 2017 ஜூனில் கத்தார் மீது சவூதி அரேபியா உள்ளிட்ட அண்டை நாடுகள் தடை விதித்தபோது, அங்குள்ள ஹீலியம் ஆலைகள் சில வாரங்கள் மூடப்பட்டன. உலகச் சந்தையே தடுமாறியது.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கருவிகளின் காந்தங்களைக் குளிர்விக்க ஹீலியத்துக்கு எளிதில் மாற்று இல்லை. ஆனால் ஒரு துறையில் மாற்று உண்டு. அது, குளிர் பிளாஸ்மா பீச்சு.

காயத்தில் படும் ஊதா ஒளி: மெல்லிய குழாயில் மந்த வாயுவைச் செலுத்தி, உயர் மின்னழுத்தம் கொடுத்தால் குழாயின் முனையில் ஊதா நிறப் பிளாஸ்மா பீய்ச்சும். விரலில் பட்டாலும் சுடாது. ஆனால் கிருமிகளைக் கொல்லும். ஆறாத புண்களுக்குச் சிகிச்சை அளிக்கவும், வெப்பம் தாங்காத பொருள்களைத் தூய்மைப்படுத்தவும் இது உதவும். குஜராத் மாநிலம் காந்திநகரில் உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்திலும், ராஜஸ்தானின் பிலானியில் உள்ள மத்திய மின்னணுப் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்திலும் இத்தகைய பீச்சுகள் குறித்த ஆய்வுகள் நடந்துள்ளன.

ஹீலியம் வெப்பத்தைக் கடத்தும் திறன் ஆர்கானைவிடச் சுமார் 8 மடங்கு அதிகம். எனவே ஹீலியப் பீச்சு சீராகவும் குளிர்ச்சியாகவும் இருக்கிறது. ஆர்கானோ காற்றிலேயே 0.93 சதவீதம் உள்ளது. உருக்காலைகளுக்காகக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும்போதே அதுவும் கிடைத்துவிடுகிறது. ஆனால் ஆர்கானில் மின்சாரம் சீராகப் பரவாமல், நூல் போன்ற இழைகளாகக் குவிந்து பாய்கிறது. இழை தொடும் இடம் சூடேறும். காயத்தின் ஒரு பகுதிக்குச் சிகிச்சை கிடைக்கும், மறு பகுதிக்குக் கிடைக்காது.

கண் காணாத காட்சி: இழைகளை அடக்க வேண்டுமானால் அவை எங்கே பிறந்து எப்படி நகர்கின்றன என்பதை முதலில் பார்க்க வேண்டும். வெறும் கண்ணுக்கு அது தொடர்ச்சியான சுடராகவே தெரியும். 2005ஆம் ஆண்டில் ஜெர்மனியிலும், 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் அதிவேக கேமராக்கள் மூலம் ஹீலியப் பீச்சுகளை ஆராய்ந்தவர்கள் வேறொன்றைக் கண்டனர். சுடராகத் தோன்றுவது, ஒன்றன்பின் ஒன்றாகப் பாயும் ஒளித்திரள்களே. "பிளாஸ்மா தோட்டாக்கள்" எனப்படும் இவற்றின் வேகம் விநாடிக்குப் பத்து கிலோமீட்டர் முதல் நூறு கிலோமீட்டர் வரை இருக்கும். விநாடியை நூறு கோடியாகப் பிரித்தால் கிடைப்பது ஒரு நானோ விநாடி. அத்தகைய சில நானோ விநாடிகள் மட்டுமே திறந்து மூடும் கேமரா இருந்தால்தான் இவை படத்தில் சிக்கும்.

கேமராவிலும் அரசியல்: இக் கேமராவின் உயிர்நாடியான ஒளிப்பெருக்கிக் குழாய், ராணுவத்தின் இரவுப் பார்வைக் கருவிகளிலும் பயன்படுவது. அதனால் மேலை நாடுகள் இவற்றின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துகின்றன. 1998 பொக்ரான் சோதனைக்குப் பின் விதிக்கப்பட்ட தடைகளால் இந்திய ஆய்வுக்கூடங்கள் பட்ட அவதி மறக்கக் கூடியதல்ல. ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கான வாசனார் அமைப்பில் இந்தியா 2017 டிசம்பரில் உறுப்பினரானது. ஆயினும் உரிமம் வழங்குவது அந்தந்த நாட்டின் முடிவாகவே உள்ளது.

ஆர்கானை அடக்க முடியும் என்பதற்குச் சான்று உண்டு. ஆர்கானில் இயங்கும் குளிர் பிளாஸ்மாக் கருவி ஒன்று 2013ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியில் மருத்துவப் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. நமக்கு வேண்டிய வாயு நம் காற்றிலேயே இருக்கிறது. அதன் இழைகளைப் பார்க்கும் கண்ணையும் சொந்தமாக உருவாக்கும்வரை, தற்சார்பு என்பது பாதி வழியிலேயே நிற்கும்.