கறுத்த எண்ணெயும் கைவிடப்பட்ட ஊரும்

மோட்டார் வண்டியின் எஞ்சினிலிருந்து வடித்தெடுக்கும் கறுத்த எண்ணெயை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எண்ணெய் தேய்ந்துவிட்டது என்று நாம் கருதுகிறோம். உண்மையில் அது தேய்வதைவிட அழுக்கடைவதே மிகுதி. கரித்துகள், உலோகப் பொடி, எரியாத எரிபொருள், நீர் ஆகியவை அதில் சேர்கின்றன. அடிப்படை எண்ணெயின் பெரும்பகுதி கெடாமலே எஞ்சுகிறது. ஆலையில் நீரை நீக்கி, வெற்றிடத்தில் காய்ச்சி வடித்து, அதை மீண்டும் மசகெண்ணெயாக்க முடியும்.

ஆனால் வேறு கழிவுகள் அதில் கலந்துவிட்டால்? அமெரிக்காவில், மிசௌரி மாநிலத்தின் டைம்ஸ் பீச் என்னும் சிற்றூரின் கதை இதற்கு விடை கூறும்.

மெரமெக் ஆற்றங்கரையிலிருந்த அவ்வூரில் சுமார் 2,000 பேர் வாழ்ந்தனர். தார் போடாத தெருக்களில் புழுதியை அடக்க, 1970-களில் கழிவு எண்ணெயைத் தெளிக்கச் செய்தனர். தெளித்த ஒப்பந்தக்காரர் ஓர் இரசாயனத் தொழிற்சாலையின் கழிவையும் ஏற்றிச் சென்றவர். அதை எண்ணெயோடு கலந்திருந்தார். அதில் டயாக்சின் என்னும் கொடிய நஞ்சு இருந்தது. 1971-இல் அவர் எண்ணெய் தெளித்த குதிரைப் பயிற்சிக் கூடங்களில் பறவைகளும் குதிரைகளும் மடிந்தன. காரணம் டயாக்சினே என்பது 1974-இல் தெரிந்தது.

டயாக்சின் நீரில் ஏறத்தாழக் கரைவதே இல்லை, எண்ணெயில் கரையும், மண் துகள்களை இறுகப் பற்றிக்கொள்ளும். ஆகவே ஆண்டுகள் பல கடந்தும் நஞ்சு அகலவில்லை. 1982-இல் டைம்ஸ் பீச்சின் மண்ணை ஆய்ந்தபோது அது வெளிப்பட்டது. மறு ஆண்டே அரசு வீடுகளை விலைக்கு வாங்கி மக்களை வெளியேற்ற முடிவு செய்தது. 1985-இல் ஊராட்சியே கலைக்கப்பட்டது. அங்கிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் அள்ளிய சுமார் 2,65,000 டன் மண்ணும் கழிவும் 1997-க்குள் உலையில் எரிக்கப்பட்டன. இன்று அவ்விடம் ஒரு பூங்கா.

நம் பட்டறையில் டயாக்சின் ஏது என்று நீங்கள் கேட்கலாம். தவறு ஒன்றே, அளவுதான் வேறு. தின்னர், பெயிண்ட், பிரேக் ஆயில், பூச்சிமருந்தின் மிச்சம் எல்லாம் ஒரே பீப்பாயில் விழுகின்றன. குளோரின் உள்ள கரைப்பான்கள் சூடேறும்போது அமிலம் உண்டாக்கி ஆலைக் குழாய்களை அரிக்கும். அரைகுறையாக எரிந்தால் டயாக்சினே உருவாகலாம். அமெரிக்க விதிப்படி, எண்ணெயில் குளோரின் வகைத் தனிமங்கள் பத்து இலட்சத்தில் 1,000 பங்குக்கு மேலிருந்தால், மாறாக நிரூபிக்கும்வரை அது அபாயகரக் கழிவே. 200 லிட்டர் பீப்பாயை அந்நிலைக்குத் தள்ள அத்தகைய கரைப்பான் அரை லிட்டர் போதும்! இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு விதிகளும் மீட்கத்தக்க எண்ணெயை வேறாகவும், கழிவு எண்ணெயை வேறாகவும் வகுத்துள்ளன.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியவை:

1. வடித்த எண்ணெயை மூடியுள்ள, ஈரமற்ற டின்னில் தனியே வையுங்கள். குடிநீர்ப் புட்டிகளில் ஊற்றாதீர்கள்.

2. வேறு எதையும் அதில் சேர்க்காதீர்கள். முன்பே கலந்துபோயிருந்தால், கலந்தது இன்னதெனச் சீட்டு ஒட்டித் தனியே வையுங்கள்; நல்ல எண்ணெயோடு சேர்த்து மறைக்காதீர்கள்.

3. சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள், அடுப்பில் எரிக்காதீர்கள், புழுதி அடக்கவோ கரையான் தடுக்கவோ பயன்படுத்தாதீர்கள்.

4. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் பெற்றவர்களுக்குச் சேரும்படி ஒப்படையுங்கள். கலப்படமானதை அவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கலந்தபின் பிரிப்பது ஆலைக்கும் அரிது. கலக்காமல் வைப்பது நம் அனைவருக்கும் எளிது.