விபத்தன்று என்ன எழுதினார்கள்?

அம்பத்தூரிலோ ஓசூரிலோ கோவையிலோ கன்ட்ரோல் பேனல் தயாராகும் பட்டறைக்குள் போனால் முதலில் கண்ணில் படுவது வெறும் இரும்புப் பெட்டிதான். அதில் கருவிகளை மாட்டுவதற்கான ரெயில் பொருத்தி, எம்சிபி, கான்டாக்டர், ரிலே என்று வரிசையாக மாட்டுவார்கள். டிராயிங்கைப் பார்த்து வயரை அளந்து வெட்டி, முனை சீவி, லக் போட்டுக் கிரிம்ப் செய்வார்கள். ஒவ்வொரு முனைக்கும் எண் மாட்டி, சொன்ன அளவுக்குத் திருகை முறுக்கி, மெக்கர் வைத்துச் சோதித்து அனுப்புவார்கள். பம்பு, மோட்டார், வண்டிக்கான வயரிங் ஹார்னஸ் பூட்டுவதும் இதே ரக வேலை. பாதி மெக்கானிக், பாதி எலக்ட்ரீஷியன். சரியாக அழுத்தாத ஒரு லக் சோதனையில் தேறிவிடும். சில மாதம் ஓடிய பிறகு சூடேறிக் கருகும். அதை விரல் பதத்திலேயே கண்டுபிடிப்பவர் பல இடங்களில் சம்பளப் பட்டியலில் வெறும் ‘ஹெல்பர்’.

இது மரியாதைப் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். குறைந்தபட்ச ஊதியம் வேலையின் திறன் தரத்தைப் பொறுத்தது. விபத்து இழப்பீடோ ஊதியத்தைப் பொறுத்தது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து, பழைய தொழிற்சாலைகள் சட்டமும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் (இஎஸ்ஐ) சட்டமும் இழப்பீட்டுச் சட்டமும் அவற்றுக்குள் அடங்கிவிட்டன. வேலைக்குச் சேருபவருக்கு நியமனக் கடிதம் தர வேண்டும் என்பது அவற்றில் வந்த நல்ல மாற்றம். அந்தக் கடிதத்தில் என்ன வேலை, என்ன சம்பளம் என்று எழுதியிருக்கிறது என்பதைக் கையெழுத்துப் போடும் முன் பாருங்கள்.

இந்த வேலையில் ஆபத்து முதலில் தேடி வருவது கையைத்தான். பேரிங், புஷ், டெர்மினல் இவற்றை அழுத்திப் பொருத்தும் பிரஸ்ஸில் இரண்டு பட்டன் வைத்திருப்பது காரணத்தோடுதான்: இரு கையும் பட்டனில் இருந்தால் விரல் உள்ளே போக வழியில்லை. ஆனால் மணிக்கு இத்தனை பீஸ் என்ற கணக்கு நெருக்கும்போது ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டுவதும், சென்சாருக்கு ஜம்பர் போடுவதும் நடக்கிறது. பெரிய பெயர் எடுத்த ஆலை என்றால் ஆபத்து இருக்காது என்றும் சொல்ல முடியாது. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் 2010 அக்டோபர் 31 அன்று ஓர் இளம்பெண் பேனல் ஏற்றும் இயந்திரத்தில் சிக்கி உயிரிழந்தார்.

பட்டனையோ சென்சாரையோ இப்படி பைபாஸ் செய்யச் சொல்வது பெரும்பாலும் சூப்பர்வைசர். விரல் போவது ஆப்பரேட்டருக்கு. இதில் சட்டத்தின் ஒரு கூர்முனை இருக்கிறது. பாதுகாப்புக் கருவி என்று தெரிந்தே தொழிலாளி வேண்டுமென்று அதை அகற்றியிருந்தால், மரணமோ முழு நிரந்தர ஊனமோ ஏற்படாத விபத்துகளில் முதலாளி இழப்பீடு தர மறுக்கலாம். அதனால் “சென்சார் வேலை செய்யவில்லை, அப்படியே ஓட்டச் சொல்கிறார்கள்” என்பதை ஷிப்ட் புத்தகத்தில் எழுதுங்கள். முடியாவிட்டால் சூப்பர்வைசருக்கே ஒரு வாட்ஸ்அப் செய்தியாக அனுப்பிவையுங்கள். புகாராக எழுத வேண்டியதில்லை. “அண்ணா, மூணாம் நம்பர் பிரஸ் சென்சார் கட் ஆகுது, பாத்துச் சொல்லுங்க” என்ற ஒரு வரி போதும். தேதியும் நேரமும் தானாகப் பதிவாகிவிடும்.

மின்சாரத்தில் பலர் ஏமாறும் இடம், சப்ளையை நிறுத்திய பிறகு. 415 வோல்ட் மூன்று ஃபேஸில் ஓடும், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவின் உள்ளே உள்ள கபாசிட்டர்களில் ஏறத்தாழ 585 வோல்ட் டிசி தேங்கியிருக்கும். டிரைவின் மேல் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை எத்தனை நிமிடம் காத்திருக்கச் சொல்கிறதோ அத்தனை நிமிடம் காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். சோதனை மேசையில் ஸ்விட்சுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்பவரைப் பயந்தாங்கொள்ளி என்று சிரிக்கும் பட்டறைகள் உண்டு. சிரிக்கட்டும்.

மெதுவாக வரும் கேடுகள் வேறு. ஈயம் கலந்த சால்டரைத் தொட்ட கையோடு சாப்பிட உட்கார்ந்தால் ஈயம் வயிற்றுக்குள் போகிறது. ரோசின் ஃப்ளக்ஸ் புகையால் ஆஸ்துமா வரலாம். நாள் முழுக்கக் கிரிம்பிங் டூலை அழுத்துபவருக்கு இரவில் கை மரத்துப்போவதும் விரல் சுரீரென்பதும் வயதுக் கோளாறாக இருக்க வேண்டியதில்லை. ஈய நச்சு சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலேயே இருக்கிறது. மருத்துவரிடம் போகும்போது எந்த வேலை, எத்தனை வருடம் என்பதையும் சொல்லி, அதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

இனி விபத்து நடந்த நாளுக்கு வருவோம். பல வழக்குகள் தோற்பது அந்த முதல் இரண்டு மணி நேரத்தில்தான். அடிபட்டவரைப் பக்கத்துத் தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோய், “பைக்கிலிருந்து விழுந்துவிட்டார்” என்று சொல்லிச் சேர்ப்பது நாடறிந்த வழக்கம். செலவைக் கம்பெனியே ஏற்கும், ஆயிரமோ ஐயாயிரமோ கையில் தரும். குடும்பமும் நன்றி சொல்லும். மருத்துவமனைச் சீட்டில் ‘சாலை விபத்து’ என்று இருந்தால், பிற்பாடு பிரஸ்ஸில் போன விரலை நிரூபிப்பது பெரும்பாடு. உடன் போகும் நண்பர் செய்ய வேண்டிய முதல் வேலை, எந்த ஆலை, எந்த இயந்திரம் என்பதை மருத்துவமனைச் சீட்டில் எழுதவைப்பது. அடுத்தது, ஆலையின் விபத்துப் பதிவேட்டில் பதிவாவதைப் பார்த்துவிட்டு நகர்வது. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர் இஎஸ்ஐ வரம்புக்குள் வருவார். தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், 16,000 சம்பளத்தில் 120 ரூபாய். வேலை விபத்துக்கு இத்தனை மாதம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு. வேலைக்குப் போக முடியாத காலத்துக்குச் சராசரி ஊதியத்தில் 90 சதவீதம் கிடைக்கும். நிரந்தர ஊனமானால் மருத்துவ வாரியம் சதவீதம் நிர்ணயித்து மாதாமாதம் தொகை வரும். ஒப்பந்ததாரர் வழியாக வந்தவருக்கும் இது பொருந்தும். ஒப்பந்ததாரர் கட்டாவிட்டால் பொறுப்பு முதன்மை முதலாளியுடையது. ஆனால் குருகிராம், மானேசர் பக்கத்து ஆட்டோ உதிரிபாக ஆலைகளைப் பற்றி சேஃப் இன் இந்தியா அமைப்பு வெளியிட்ட அறிக்கைகளில், அடிபட்ட பலருக்கு இஎஸ்ஐ அட்டையே விபத்துக்குப் பிறகுதான் கைக்கு வந்தது தெரிகிறது. உங்கள் இன்சூரன்ஸ் எண்ணைச் சேர்ந்த மாதத்திலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஆறு பேர் வேலை செய்யும் பட்டறைக்கு இஎஸ்ஐ இருக்காது; பத்துப் பேர் வேண்டும். அங்கே இழப்பீட்டை முதலாளியே தர வேண்டும். சட்டத்தின் அட்டவணை விரலுக்கு விரல் விலை போட்டிருக்கிறது. கட்டைவிரல் முழுதும் போனால் 30 சதவீதம், ஆள்காட்டி விரல் 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டுவிரலோ 7. படிக்கவே ஒரு மாதிரி இருக்கும், ஆனால் கணக்குத் தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம். 25 வயதுக்காரர், மாதம் 15,000 ரூபாய் ஊதியம், ஆள்காட்டி விரல் முழுதும் போய்விட்டது என்று வையுங்கள். ஊதியத்தில் 60 சதவீதம் 9,000. அதை அந்த வயதுக்கான 216.91 என்ற எண்ணால் பெருக்கி, அதில் 14 சதவீதம் எடுத்தால் ஏறத்தாழ 2,73,300 ரூபாய். “இருபதாயிரம் வாங்கிக்கிட்டு இதுல கையெழுத்துப் போடுப்பா” என்று நீட்டும் தாளின் நிஜ மதிப்பு இதுதான். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தந்தாலும் அந்த ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தடித்தால் 12 சதவீத வட்டியும், தகுந்த காரணம் இல்லாவிட்டால் பாதித் தொகை வரை அபராதமும் சேரும்.

அப்ரன்டிஸாக இருப்பவர் சட்டத்தின் கண்ணில் தொழிலாளி அல்ல. “நீ டிரெய்னி, உனக்கு ஒன்றும் கிடையாது” என்று சொல்வதும் அதனால்தான். ஆனால் 1961-ஆம் ஆண்டின் அப்ரன்டிஸ் சட்டமே, பயிற்சியில் காயம்பட்டால் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்கிறது.

இயந்திரத்தின் பாதுகாப்புக் குறைபாட்டுக்குத் தமிழ்நாட்டில் அணுக வேண்டிய இடம் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். மாவட்ட அளவில் அதற்கு அலுவலகங்கள் உண்டு. இஎஸ்ஐ தொடர்பானவற்றுக்கு 1800-11-2526 என்ற இலவச எண். இஎஸ்ஐ இல்லாதவரின் இழப்பீட்டு மனு தொழிலாளர் துறையின் துணை ஆணையரிடம் போகும். விபத்து நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வக்கீல் வைக்கக் காசில்லையே என்று தயங்குபவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். தொழிலாளிக்கு வருமானக் கணக்குக் கேட்காமலே இலவச வழக்கறிஞர் தர 1987-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. அதற்கான தொலைபேசி எண் 15100.