கடைசி மூச்சும் ஒரு மணிக்கூடும்

திருகோணமலை உவர்மலையில் எங்கள் ஒழுங்கையில் யாருக்காவது உயிர் இழுத்துக்கொண்டு கிடந்தால் தலைமாட்டில் சிவபுராணம் படிப்போம்; தலையை நிமிர்த்தி வாயில் பால் வார்ப்போம். ஹைஃபாவில் நான் பராமரித்த யூத அம்மாவின் மகனிடம் இதைச் சொன்னேன். "ஐயோ, அசைக்கவே கூடாது!" என்று பதறிவிட்டார். சாகப்போகிறவர் அணையப்போகும் விளக்கு, கை பட்டால் அணைந்துவிடும், பட்டவனுக்குக் கொலைப்பழி என்பது யூதச் சட்டநூலான தல்மூத் காலத்துப் போதனையாம்.

முதியோரைப் பார்க்க இலங்கையிலிருந்து இஸ்ரேலுக்குப் போகிறவர்களில் நானும் ஒருத்தி. திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்தவளுக்கு ஹைஃபாவும் ஒரு துறைமுகம்தான், ஊர் பழகிவிட்டது. அம்மாவின் கடைசிக்காலத்தைப் பற்றி வைத்தியரும் ரபி என்கிற யூத மதகுருவும் பிள்ளைகளும் கூடிப் பேசியதுதான் விளங்க நாளெடுத்தது.

உயிர் கடவுளுடையது, அதைக் காப்பாற்றச் சபாத் ஓய்வுநாளையே மீறவேண்டும் என்கிறது யூத மதம். அதற்காகச் சாவை இழுத்தடிக்கவேண்டுமா? 16ஆம் நூற்றாண்டில் கிராக்கோவில் இருந்த ரபி மோசே இசர்லெஸ், பக்கத்தில் விறகு கொத்தும் சத்தம் உயிரைப் பிரியவிடாமல் வைத்திருந்தால் அதை நிறுத்தலாம் என்றார். தடையை விலக்குவது கொலையல்ல.

அப்படியானால் மூச்சு இயந்திரமான வெண்டிலேட்டர் விறகுச் சத்தமா, மூச்சா? ரபிகள் ஒருமிக்கவில்லை. பொருத்தாமல் விடலாம், பொருத்தியதைக் கழற்றக்கூடாது என்பவர்களே அதிகம். ஆனால் பிறகு கழற்ற முடியாதென்ற பயத்திலேயே பொருத்தாமல் விட்டுவிடுவார்களே! ரபியும் வைத்தியருமான அவ்ரஹாம் ஸ்டைன்பேர்க் தலைமையிலான குழு இதற்கு வழி தேடியது. 2005இல் இஸ்ரேல் நிறைவேற்றிய சட்டத்தில் அந்த வழி இருக்கிறது: இயந்திரத்துக்கு ஒரு மணிக்கூடு. குறித்த நேரம் முடிந்தால் அது தானே நிற்கும். திரும்பத் தொடங்குவதா என்பதுதான் கேள்வி. தந்திரம்போல இருக்கிறதல்லவா? பெற்ற தாயின் இயந்திரத்தை நிறுத்திய கை என்னுடையது என்று ஒரு பிள்ளை காலமெல்லாம் குமுறாமல் காக்கிற தந்திரம், இருந்துவிட்டுப் போகட்டும்.

சிகிச்சை செய்தாலும் ஆறு மாதத்துக்கு மேல் தாங்கமாட்டார் என்று வைத்தியர் கணிப்பவர்களுக்கே இச்சட்டம். நல்ல நினைவோடு இருக்கும்போதே விருப்பத்தை எழுதிவைக்கலாம். சட்டம் வந்தபோது அதற்கு ஐந்து வருடச் செல்லுபடிக் காலம் வைத்தார்கள்.

அம்மா எழுதிவைத்திருந்தார்: இயந்திரம் வேண்டாம், வலிக்கு மருந்து, தண்ணீர், ஒட்சிசன் போதும். அதனால் பிள்ளைகள் சண்டைபிடிக்கவில்லை.

நம் வீடுகளில் இந்தக் கேள்வி ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், அழுதுகொண்டு நிற்கும் பிள்ளைகளிடம்தான் வருகிறது. படுத்திருப்பவரிடம் யாரும் கேட்டிருப்பதில்லை. உங்கள் அம்மா, அப்பா பேசக்கூடியவர்களாக இருந்தால் இந்தக் கிழமையே கேட்டு எழுதிவையுங்கள்.