ஒண்ணாம் தேதி சம்பளம் வராது... அப்போ ஜெயிச்சோமான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

'வேலையை விட்டுட்டு சொந்தமா ஏதாவது பண்ணணும்' - திங்கட்கிழமை காலையில் இப்படி நினைக்காதவர்கள் குறைவு. சிலர் துணிந்து ரிசைன் பண்ணியும் விடுகிறார்கள். வீடியோ எடிட்டிங், டிசைனிங், டியூஷன், கேக் ஆர்டர் என வேலையும் வருகிறது. ஆனால், மூணு மாசத்தில் ஒரு குழப்பம் வரும்... 'நான் ஜெயிக்கிறேனா, தோக்குறேனா?'

ஆபீஸில் வெற்றியை அளக்க ஒரு ஸ்கேலைக் கையில் கொடுத்துவிடுவார்கள். மாதச் சம்பளம், வருஷா வருஷம் இன்க்ரிமென்ட், பெயருக்குக் கீழே ஒரு பதவி. வெளியே வந்த பிறகும் அதே ஸ்கேலால் அளந்தால், நல்லா போற மாசம்கூட தோல்வி மாதிரிதான் தெரியும். கல்யாண வீட்டில் 'இப்போ எங்கப்பா வேலை பார்க்குற?' என்று ஒரு மாமா கேட்டால் போதும், மனசு ஆடிப்போகும். அதனால் புது ஸ்கேலை நீங்களேதான் செய்துகொள்ள வேண்டும்.

'போதும்' என்பது எவ்வளவு?

கையில் 50,000 ரூபாய் வாங்கியவருக்கு, சொந்தத் தொழிலில் 50,000 வந்தால் அது சமம் இல்லை. பி.எஃப்-க்கு அடிப்படைச் சம்பளத்தில் உங்களிடம் 12% பிடித்தபோது, நிறுவனமும் 12% போட்டது. இன்ஷூரன்ஸ், லேப்டாப், சம்பளத்துடன் லீவு... இனி எல்லாமே உங்க செலவு.

ஒரு கணக்குப் போடுவோம். சனி, ஞாயிறு போக வருடத்துக்கு 261 நாள்கள். பண்டிகை, காய்ச்சல், ஊர்ப் பயணம் என 31 கழிந்தால் 230. கிளையன்ட் தேட, கொட்டேஷன் அனுப்ப, 'பேமென்ட் எப்போ சார்?' என்று கேட்க 80 நாள் போனால், காசு தரும் நாள்கள் 150 மட்டுமே. பழைய சம்பளம் 6 லட்சம், கூடுதல் செலவு 1.2 லட்சம் என்றால், ஒரு நாள் வேலைக்கு 4,800 ரூபாய் வர வேண்டும். 50,000-ஐ 30-ஆல் வகுத்து 1,667 ரூபாய்னு ரேட் சொன்னா, ராத்திரி பகலா உழைச்சாலும் பத்தாது.

காசு தாண்டி மூணு கேள்வி

* ஒருமுறை வேலை கொடுத்தவர் மறுபடி கூப்பிட்டாரா? உங்களுக்கான அப்ரைசல் இதுதான்.
* ஒத்துவராத வேலையை 'வேண்டாம்' என்று சொல்ல முடிந்ததா?
* எதற்காக வேலையை விட்டீர்களோ, அது கிடைக்கிறதா? குழந்தையோடு இருக்க வேலையை விட்டவர், ராத்திரி 11 மணிக்கும் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தால், வருமானம் எவ்வளவு வந்தாலும் கணக்கு இடிக்கும்.

ரிசைன் லெட்டருக்கு முன்னாடி...

வேலையை விட்டால் குரூப் இன்ஷூரன்ஸும் பெரும்பாலும் போய்விடும். முன்பே தனி பாலிசி எடுங்கள். கடன் கேட்டால், சம்பளச் சீட்டுக்குப் பதில் சில வருட வருமான வரி ரிட்டர்னை வங்கி கேட்கும். தவறாமல் தாக்கல் செய்யுங்கள். குறைந்தது ஆறு மாதச் செலவுக்கான பணம் கையில் இருக்கட்டும்.

கூடவே ஒரு தேதியும் குறித்துவையுங்கள். அதற்குள் உங்க 'போதும்' தொகையை நெருங்கவே முடியலைன்னா, மறுபடி வேலைக்குப் போகலாம். அது தோல்வி இல்லை. சேமிப்பு கரைந்து கடன் ஏறுவதற்குள் எடுத்த முடிவு. இன்னிக்கே போன் நோட்ஸில் ஒரு தொகை, ஒரு காரணம், ஒரு தேதி எழுதிவையுங்கள். அடுத்த முறை அந்த மாமா கேட்கும்போது மனசு ஆடாது.