ஜெர்மனியின் நவம்பர்: மூடுபனியும் நினைவு நாள்களும்

நவம்பர் பிறந்துவிட்டால் ஜெர்மனியில் வெளிச்சம் மளமளவென்று குறையத் தொடங்குகிறது. அக்டோபர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையே கடிகாரங்கள் ஒரு மணி நேரம் பின்னோக்கித் திருப்பப்படும். மாத இறுதியில் தலைநகர் பெர்லினில் காலை எட்டு மணியை ஒட்டித்தான் சூரியன் உதிக்கும். மாலை நான்கு மணிக்கெல்லாம் மறைந்துவிடும். ஆண்டு முழுவதும் பன்னிரண்டு மணி நேரப் பகலைக் காணும் சிங்கப்பூர், மலேசிய மக்களுக்கு இது வியப்பாக இருக்கும். ஆற்றங்கரை ஊர்களில் மூடுபனி நாள் முழுவதும் கலையாமல் நிற்பதுண்டு. மரங்கள் இலைகளை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். வெண்பனி விழும் அழகும் பெரும்பாலும் இன்னும் தொடங்கியிருக்காது. குளிர்ந்த தூறல் மட்டுமே மிச்சம்.

இந்த இருண்ட மாதத்தில்தான் அந்நாட்டின் நினைவு நாள்கள் வரிசையாக வருகின்றன. அறுவடை முடிந்து நிலம் ஓய்வு கொள்ளும் காலம் இது. கிறிஸ்துமசுக்கு முந்திய அட்வெண்ட் காலத்தோடு தேவாலயத்தின் புது ஆண்டு தொடங்குவதால், நவம்பர் அதன் ஆண்டு முடிவாகவும் அமைகிறது. எனவே மரணம், மறுமை ஆகியவற்றை எண்ணிப் பார்க்கும் மாதமாக அது நிலைபெற்றது.

கல்லறைகளில் செவ்விளக்குகள்

நவம்பர் 1ஆம் தேதி அனைத்துப் புனிதர் நாள். பவேரியா உள்ளிட்ட ஐந்து மாநிலங்களில் அன்று பொது விடுமுறை. மறுநாள் இறந்த ஆன்மாக்கள் அனைவருக்குமான நாள். கத்தோலிக்கக் குடும்பத்தினர் முன்கூட்டியே கல்லறைகளுக்குச் சென்று சருகுகளை அகற்றி, குளிர்காலத்திற்காகத் தேவதாருக் கிளைகளைப் பரப்புவார்கள். பாதிரியார் கல்லறைகளுக்கு ஆசீர் அளிப்பார். காற்றில் அணையாதபடி மூடியிட்ட சிவப்பு விளக்குகளில் மெழுகுவத்தி ஏற்றப்படும். வேறு ஊர்களில் வசிக்கும் பிள்ளைகளும் அன்று பிறந்த ஊருக்குத் திரும்புவதுண்டு. மாலை இருளில் ஆயிரக்கணக்கான விளக்குகள் எரியும் கல்லறைத் தோட்டம் அச்சத்தைவிட அமைதியையே தரும்.

நவம்பர் 11ஆம் தேதி புனித மார்ட்டின் நாள். ரோமானியப் படைவீரராக இருந்த மார்ட்டின், குளிரில் நடுங்கிய ஒரு பிச்சைக்காரருக்குத் தம் மேலங்கியை வாளால் வெட்டிப் பாதியைக் கொடுத்தார் என்பது கதை. அன்று மாலை குழந்தைகள் காகித விளக்குகளை ஏந்திப் பாடிச் செல்வார்கள். பல ஊர்களில் சிவப்பு அங்கி அணிந்த ஒருவர் குதிரையில் முன்னே செல்வார். வீடுகளில் வாத்துக்கறி விருந்து நடக்கும். முற்காலத்தில் விவசாயிகள் குத்தகையைச் செலுத்திக் கணக்கு முடிக்கும் நாள் இது. கிறிஸ்துமசுக்கு முந்திய நோன்பும் இதற்குப் பிறகே தொடங்கியது. விருந்து வழக்கத்திற்கு இவையே காரணம்.

இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனிக்கலாம். முதல் உலகப் போர் 1918 நவம்பர் 11ஆம் தேதி ஓய்ந்தது. பிரிட்டனிலும் காமன்வெல்த் நாடுகளிலும் அந்நாளை ஒட்டி வீரர்களுக்கு அஞ்சலி செலுத்தப்படுகிறது. சிங்கப்பூரின் கிராஞ்சி போர்க் கல்லறையிலும் ஆண்டுதோறும் மலர்வளையம் வைக்கப்படுகிறது. ஆனால் கொலோன், டூசல்டோர்ஃப், மைன்ஸ் நகரங்களில் அன்று காலை 11 மணி 11 நிமிடத்திற்குக் கோமாளி வேடமிட்ட மக்கள் கார்னிவல் பருவத்தைத் தொடங்கி வைப்பார்கள். போரில் தோற்ற நாடு தன் துக்கத்திற்கு வேறு நாளைத் தேட வேண்டியிருந்தது.

ஒரே தேதியில் பெருமையும் வெட்கமும்

நவம்பர் 9ஆம் தேதியைப் போலச் சிக்கலான நாள் ஜெர்மானிய வரலாற்றில் வேறொன்று இல்லை. 1918இல் அன்றுதான் மன்னராட்சி முடிந்து குடியரசு அறிவிக்கப்பட்டது. 1923இல் அதே நாளில் மியூனிக் நகரில் ஹிட்லரின் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி தோல்வியடைந்தது. 1938இல் அந்த இரவில் நாடெங்கும் யூதர்களின் வழிபாட்டுத் தலங்கள் கொளுத்தப்பட்டன, கடைகள் நொறுக்கப்பட்டன. ஏறக்குறைய 30,000 யூத ஆண்கள் பிடித்துச் செல்லப்பட்டு வதை முகாம்களில் அடைக்கப்பட்டனர். 1989இல் அதே தேதியின் இரவில் பெர்லின் சுவர் திறக்கப்பட்டது. பிரிந்திருந்த மக்கள் ஒருவரையொருவர் கட்டித் தழுவினர்.

சுவர் திறந்த நாளையே தேசிய தினமாக்கலாம் என்ற கருத்தும் எழுந்தது. ஆனால் வழிபாட்டுத் தலங்கள் எரிந்த நாளில் வாண வேடிக்கை நடத்துவது எப்படி? முடிவில், 1990இல் இரு ஜெர்மனிகளும் இணைந்த அக்டோபர் 3ஆம் தேதியே தேசிய தினமாயிற்று.

நவம்பர் 9ஆம் தேதியை ஒட்டிப் பல ஊர்களில் மக்கள் நடைபாதையில் மண்டியிட்டுச் சிறிய பித்தளைத் தகடுகளைத் துடைப்பதைக் காணலாம். ‘இடறுகற்கள்’ எனப்படும் இவற்றைப் பதிக்கும் பணியைத் தொடங்கியவர் குண்டர் டெம்னிக் என்ற கலைஞர். பத்து சென்டிமீட்டர் சதுரமான ஒவ்வொரு கல்லிலும், எதிரே உள்ள வீட்டிலிருந்து நாஜிகள் கொண்டுசென்ற ஒருவரின் பெயரும் பிறந்த ஆண்டும் முடிவும் பொறிக்கப்பட்டிருக்கும். 2023இல் ஐரோப்பா முழுவதும் இவற்றின் எண்ணிக்கை ஒரு லட்சத்தை எட்டியது. பெயரைப் படிக்க விரும்புபவர் தலைகுனிந்துதான் ஆகவேண்டும்.

யாருக்காகத் துக்கம்?

அட்வெண்டுக்கு இரண்டு ஞாயிறுகளுக்கு முன் வருவது மக்கள் துக்க நாள். முதல் உலகப் போரில் மாண்ட வீரர்களுக்காக இதனைக் கடைப்பிடிக்கும் யோசனை 1919இல் எழுந்தது. அன்று அது வசந்த காலத்தில் வந்தது. 1934இல் நாஜிகள் அதை ‘வீரர் நினைவு நாள்’ என்று மாற்றினர். கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிடும் வழக்கம் கைவிடப்பட்டது. துக்கம் மறைந்து, அடுத்த போருக்கான ஆயத்தமாக அந்நாள் ஆகிவிட்டது.

அந்தப் பெயரும் பொருளும் மீண்டும் வரக்கூடாது என்பதில் போருக்குப் பிந்திய மேற்கு ஜெர்மனி கவனமாக இருந்தது. 1952 முதல் அந்நாள் நவம்பருக்கு மாற்றப்பட்டது. இன்று நாடாளுமன்றத்தில் அதிபர் படிக்கும் நினைவுரையில் மாண்ட வீரர்களோடு, குண்டுவீச்சில் இறந்த பொதுமக்கள், இனத்தின் பெயரால் கொல்லப்பட்டோர், ஊனத்தைக் காரணம் காட்டி அழிக்கப்பட்டோர், கொடுங்கோன்மையை எதிர்த்து உயிர் நீத்தோர் எனப் பலரும் இடம்பெறுகின்றனர்.

பெர்லினில் மலர்வளையம் வைக்கப்படும் இடம், 1818இல் அரச காவலர்களுக்காகக் கட்டப்பட்ட ‘நோயே வாகே’ என்ற கட்டடம். உள்ளே ஒரே ஒரு சிலை உள்ளது. இறந்த மகனை மடியில் ஏந்திய தாய்; கேத்தே கோல்விட்ஸ் என்ற பெண் கலைஞரின் படைப்பு. அவருடைய இளைய மகன் பீட்டர் 1914இல் போருக்குச் செல்லத் துடித்தபோது வயது பதினெட்டுதான். அனுமதி தர மறுத்த தந்தையைப் பேசிச் சம்மதிக்க வைத்தவர் கேத்தே. அவ்வாண்டு அக்டோபரிலேயே மகன் பெல்ஜியத்தில் மாண்டான். அந்தச் சம்மதத்தின் வேதனை அவரை இறுதிவரை விடவில்லை.

1993இல் இச்சிலை வைக்கப்பட்டபோது கடும் எதிர்ப்பும் கிளம்பியது. கொன்றவனையும் கொல்லப்பட்டவனையும் ‘பலியானோர்’ என்ற ஒரே சொல்லில் அடக்குவது நியாயமா என்று யூதர்கள் உட்படப் பலர் கேட்டனர். அதன் விளைவாக, பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பிரிவினரையும் தனித்தனியே குறிப்பிடும் பலகை வாயிலில் பதிக்கப்பட்டது. அந்த விவாதம் முற்றாக ஓய்ந்துவிடவில்லை. தன் பிள்ளைகளுக்காக அழவும் வேண்டும். அவர்களின் கையால் மாண்டவர்களை மறக்கவும் கூடாது. இதுவே அந்நாட்டின் சுமை.

மாதத்தின் கடைசி விளக்கு

அட்வெண்டுக்கு முந்திய கடைசி ஞாயிறு, புரோட்டஸ்டண்ட் மக்களின் இறந்தோர் ஞாயிறு. 1816இல் பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரெடரிக் வில்லியம் இதனை ஏற்படுத்தினார். அவ்வாண்டு அந்தச் சபையில் இறந்தவர்களின் பெயர்கள் தேவாலயத்தில் ஒவ்வொன்றாகப் படிக்கப்படும். பல இடங்களில் பெயருக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றப்படும். துக்க நாள்களில் ஆடல் கேளிக்கைகளுக்குப் பல மாநிலங்களில் சட்டப்படி கட்டுப்பாடு உண்டு. இது முடிந்த பிறகே பெரும்பாலான நகரங்களில் கிறிஸ்துமஸ் சந்தைகள் களைகட்டும்.

நோயே வாகேயின் கூரையில், சிலைக்கு நேர் மேலே, வட்டமான ஒரு திறப்பு உண்டு. அதற்குக் கண்ணாடி இல்லை. நவம்பர்த் தூறலும் டிசம்பர்ப் பனியும் அந்தத் தாயின் மீது நேராக விழுகின்றன. அவள் மகனை இறுகப் பற்றியபடியே அமர்ந்திருக்கிறாள்.